பட்டை வரைபடத்தை எங்கே தொடங்குவது: தரையிலா, தாளிலா, திரையிலா?

தாமிரபரணி 128 கிலோமீட்டர், வைகை 258, பாலாறு 348, காவிரி 805. பாடநூல் தரும் இந்த நான்கு நீளங்களையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டை வரைபடம் வரையச் சொன்னேன். கணக்கில் கெட்டிக்காரன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பையன்தான் முதலில் நோட்டை நீட்டினான். கோடுகள் நேராக இருந்தன, வண்ணம் விளிம்பைத் தாண்டவில்லை, தலைப்புக்கு அடிக்கோடுகூட இருந்தது. ஆனால் நான்கு பட்டைகளும் மாடிப்படி போல ஒரே சீராக ஏறின. செங்குத்து அச்சில் முதல் கோட்டுக்கு நேரே 128, இரண்டாம் கோட்டுக்கு நேரே 258, மூன்றாவதற்கு 348, நான்காவதற்கு 805 என்று எழுதியிருந்தான். பாலாற்றைவிடக் காவிரி ஒரே ஒரு கட்டம்தான் உயரம்.

அச்சடித்த பயிற்சித்தாளில் எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் எது அதிகம், எது குறைவு, எத்தனை என்று தடுமாறாமல் சொல்லக்கூடியவன் அவன். ஆறு பாடவேளைகள் நான் அவனுக்குப் பழக்கியிருந்தது அதைத்தான். பிழை நான் தேர்ந்த வரிசையில் இருந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் தரையில் கட்டம் போட்டும், தீப்பெட்டி வைத்தும், கட்டம் போட்ட நோட்டிலும், பள்ளியில் உள்ள ஒரே மடிக்கணினியிலும் இந்தப் பாடத்தை மாற்றி மாற்றி நடத்திப் பார்த்துவிட்டேன். இரண்டே ஆசிரியர்கள், நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக உட்காரும் ஓர் அறை, முப்பத்தொரு பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு. இதற்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

ஒப்பிட ஓர் உரைகல் வேண்டும். ஒரு பட்டை வரைபடத்துக்குள் பல முடிவுகள் இருக்கின்றன: என்ன கேட்பது, விடைகளை எத்தனை வகையாகப் பிரிப்பது, ஒரு கட்டம் எத்தனையைக் குறிப்பது, சுழியம் எந்தக் கோட்டில் நிற்பது, பட்டைக்கு எவ்வளவு அகலம், யாருமே சொல்லாத விடைக்கு இடம் கொடுப்பதா வேண்டாமா. இவற்றில் எத்தனை முடிவுகளைப் பிள்ளை தானே எடுக்கிறது, எத்தனையை அச்சகமோ இயந்திரமோ நாமோ எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுகிறேன். முடிவெடுத்துப் பழகாத பிள்ளையால், பிறர் வரைந்த படத்தில் யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்பதையே பார்க்க முடிவதில்லை.

அச்சடித்த தாளில் தொடங்கினால்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறோம். காரணம் வெளிப்படையானது. பாடநூலில் வரைபடம் தயாராக இருக்கிறது, தகவல் செயலாக்கம் என்ற பகுதி பருவத்தின் கடைசியில் வருகிறது, நேரம் இல்லை. ஒரு பாடவேளையில் பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதி முடித்துவிடலாம். தேர்விலும் இதே மாதிரிதான் கேட்கப்படும்.

ஆனால் மேலே சொன்ன முடிவுகள் அனைத்தையும் தாள் எடுத்துவிட்டிருக்கிறது. பிள்ளைக்கு மிச்சம் இருப்பது பட்டையின் உச்சியிலிருந்து இடப்பக்கம் விரலை நகர்த்தி எண்ணைப் படிப்பது மட்டும். யாரென்றே தெரியாத ஐம்பது மாணவர்களுக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்ற செய்தியில் பிள்ளைக்கு என்ன அக்கறை இருக்கும்? "அதிகம் பேருக்குப் பிடித்தது எது?" என்று கேட்டால் "18" என்று எழுதிவைப்பார்கள். மாம்பழம் என்று எழுத வேண்டிய இடத்தில் எண்ணை எழுதுவது கவனக்குறைவு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. பட்டையின் அடியில் இருக்கும் பெயர் ஒன்று, பட்டையின் உயரம் வேறொன்று என்ற பிரிவே அந்தப் பிள்ளைக்கு உண்டாகவில்லை. "மொத்தம் எத்தனை பேர்?" என்றால் பட்டைகளை எண்ணி "ஐந்து" என்பதும் அதே குழப்பத்தின் இன்னொரு முகம். இந்த இரண்டு பிழைகளும் தரையில் தொடங்கிய ஆண்டுகளில் ஏறத்தாழ மறைந்தே போயின.

தாளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதன் இடம் கடைசியில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முற்றத்தில் பாண்டிக் கட்டம்

2023 ஆகஸ்ட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, எங்கள் பிள்ளைகள் தினமும் பேசும் பொருள் ஒன்று எனக்குக் கிடைத்தது. பொங்கலா, கிச்சடியா, உப்புமாவா? இதைவிட நல்ல கேள்வி எந்தப் பாடநூலிலும் கிடையாது. யாருக்கு எது பிடிக்குமோ அந்தப் பெயருக்கு எதிரே வரிசையாக நில்லுங்கள் என்றேன்.

முதல் முறை கட்டம் எதுவும் போடவில்லை. கிச்சடி வரிசையில் ஆறு பேர், சேமியா உப்புமா வரிசையில் ஏழு பேர். ஆனால் கிச்சடிக்காரர்கள் கைநீட்டும் தூரம் விட்டு நின்றதால் அவர்கள் வரிசை நீண்டு போனது. ஒரு சிறுமி யோசிக்காமல் "கிச்சடிதான் பெரிசு டீச்சர்" என்றாள். ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகளை வைத்து, ஒன்றை மட்டும் அகலப் பரப்பினால், நீண்ட வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று சின்னக் குழந்தைகள் சொல்வதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டியிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்கள், எண்ணத் தெரிந்தவர்கள். இருந்தும் கண் நீளத்தைத்தான் நம்புகிறது. பட்டை வரைபடத்தின் பலமும் ஆபத்தும் இதிலேயே இருக்கின்றன. மறுநாள் பிள்ளைகளே சாக்பீஸால் பாண்டி ஆட்டத்துக்குப் போடுவது போலக் கட்டம் போட்டார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர், எல்லா வரிசையும் ஒரே அடிக்கோட்டிலிருந்து. இந்த இரண்டு விதிகளையும் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

நின்றுகொண்டே இருந்தால் படத்தைப் பார்க்க முடியாது. அதனால் அடுத்து தீப்பெட்டி. எல்லாம் ஒரே அளவு, எல்லா வீட்டிலும் இருப்பது, காசு செலவில்லாதது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டப்பட்டிருக்கும். பன்னிரண்டு பெட்டிகளை நிற்கவைத்து அடுக்கினால் சாய்ந்துவிடும். தரையில் ஒரு கோடு போட்டு அதிலிருந்து படுக்கவைத்துக்கொண்டே போக வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பட்டை வரைபடத்தைச் சலாகை வரைபு என்று சொல்லும். சலாகை என்றால் கம்பி, கோல். கையில் பிடிக்கக்கூடிய பொருளின் பெயர் அந்தச் சொல்லுக்குள் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிறகு செய்வதுதான் இந்த வழியின் உயிர். பெட்டிகளைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் வரைந்துவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம். பெயர்கள் போய்விடும், வெற்றுப் பட்டை மட்டும் தரையில் நிற்கும். "நான் எங்கே போனேன்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் செலவழித்தோம். ஒவ்வொருவராக இருந்தவர்கள் ஓர் எண்ணிக்கையாக மாறிய அந்த இடத்தைத் தாண்டிய பிள்ளை, பட்டைகளை எண்ணி "மொத்தம் ஐந்து பேர்" என்று பிறகு சொல்வதே இல்லை.

அந்த ஆண்டுக் கணக்கு இப்படி வந்தது: பொங்கல் 12, சேமியா உப்புமா 7, ரவா உப்புமா 6, ரவா கிச்சடி 6. பொங்கல் வென்றதாகக் கைதட்டி முடித்த பிறகு நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சேமியா உப்புமாவும் உப்புமாதானே, ரவா உப்புமாவும் உப்புமாதானே, ஏன் இரண்டு வரிசை?" பெட்டிகளைச் சேர்த்து வைத்தோம். உப்புமா 13. பொங்கல் தோற்றுவிட்டது. உடனே பொங்கல் கட்சி, ரவாவில் செய்ததெல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், கிச்சடியையும் ரவா உப்புமாவையும் சேருங்கள், சேமியாவைத் தனியாக விடுங்கள் என்று வாதாடியது. அப்படிச் சேர்த்தால் 12க்கு 12. பிள்ளைகள் மாறவில்லை, அவர்கள் நாக்கு மாறவில்லை, ஒரு பெட்டிகூடக் கூடவில்லை, குறையவில்லை. வகை பிரித்த விதம் மாறியதும் முதலிடம் மூன்று விதமாக மாறியது. வயது வந்தவர்கள்கூட எளிதில் பார்க்கத் தவறும் இந்த உண்மையை ஒன்பது வயதுப் பிள்ளைகள் தீப்பெட்டியை நகர்த்திக் கண்டுபிடித்தார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, எவ்வளவு நேர நெருக்கடி இருந்தாலும் தரைப் பாடத்தை நான் விடமாட்டேன்.

கோதுமை ரவா உப்புமாவை யாருமே சொல்லவில்லை. அந்தப் பெயரை அழித்துவிடலாம் என்றார்கள். யாரும் சொல்லவில்லை என்பதும் ஒரு செய்தி என்று சொல்லி, பெட்டியில்லாத பெயராக அது நின்றது.

இதற்கும் எல்லை உண்டு. 805 கிலோமீட்டரைத் தீப்பெட்டியில் காட்ட முடியாது. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே எட்டுப் பாடவேளையும் கழிந்தால், ஒரு கட்டம் எத்தனையைக் குறிக்கிறது என்று முடிவுசெய்யும் அளவுத்திட்டம் என்ற பெரிய படி ஏறப்படாமலே போகும். விளையாட்டாக நடத்துகிறோம் என்ற நிறைவில் அங்கேயே தங்கிவிடும் வகுப்புகளும் உண்டு. இரண்டு பாடவேளை போதும்.

படங்கள் வழியாக ஒரு குறுக்குப் பாதை

தரைக்கும் நோட்டுக்கும் நடுவே பட விளக்கப்படம் என்ற பழைய பாலம் இருக்கிறது. ஒரு பூ என்றால் ஐந்து பேர் என்பது போல. ஒரு குறி பலரைக் குறிக்கலாம் என்ற எண்ணம் முதன்முதலில் இங்கே வருகிறது. அதற்காக அரைப் பாடவேளை கொடுப்பேன். அதற்கு மேல் கொடுப்பதில்லை. ஏழு பேருக்கு ஒரு முழுப் பூவும் இன்னொரு பூவில் இரண்டு இதழும் வரைவதற்குள் மணி அடித்துவிடும். ஒருவர் பூவைப் பெரிதாகவும் மற்றவர் சிறிதாகவும் வரைவதால் நீளத்தை நம்பவும் முடியாது. நேர்க்கோட்டுக் குறிகள் வேறு. பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்ட கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னால் போதும், நான்கு கோடும் குறுக்கே ஒன்றும் என்று ஐந்து ஐந்தாகக் கட்டுவது ஒரே நாளில் கைவந்துவிடுகிறது.

கட்டம் போட்ட நோட்டு

என் எட்டுப் பாடவேளைகளில் பாதியை இதற்குத்தான் கொடுக்கிறேன். காரணம், எல்லா முடிவுகளும் பிள்ளையின் தலையில் விழும் ஒரே இடம் இது. அதனாலேயே பிழைகளும் இங்கேதான் கொட்டும். பிழைகள் வெளியே தெரிவது எனக்கு நன்மை; தாளில் அவை ஒளிந்துகொள்கின்றன.

முதல் பிழை சுழியம். அடிக்கோட்டிலேயே 1 என்று எழுதிவிடுவார்கள். அல்லது எண்களைக் கோட்டுக்கு நேரே எழுதாமல் இரண்டு கோடுகளுக்கு நடுவில், கட்டத்துக்குள் எழுதுவார்கள். தீப்பெட்டியில் பழகியவர்களுக்கு இது இயல்பு, ஏனென்றால் அங்கே பெட்டியை எண்ணினோம். நோட்டில் பெட்டி முடியும் விளிம்பை எண்ண வேண்டும். பெட்டி எதுவும் வைக்காதபோது தரையில் எது இருந்தது என்று கேட்டால் "வெறும் கோடு" என்பார்கள். அந்த வெறும் கோடுதான் சுழியம்.

அடுத்தது சொல்லால் வரும் குழப்பம். வகுப்பில் நாம் ஸ்கேல் என்று சொன்னால் பிள்ளை பென்சில் பெட்டியைத் திறந்து அடிக்கோலை எடுக்கிறது. அளவுகோல் என்று தமிழில் சொன்னாலும் அதுதான் கையில் வருகிறது. பாடநூல் சொல்லும் அளவுத்திட்டம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கட்டம் = எத்தனை?" என்ற வாக்கியத்தை அச்சின் மேலே எழுதாமல் யாரும் பட்டை போடக் கூடாது என்று கண்டிப்பாக வைத்திருக்கிறேன். சின்ன விதி, ஆனால் அந்தப் படிக்கட்டு வரைபடம் அதற்குப் பிறகு வகுப்பில் வெகு அரிதாகவே வந்தது.

அகலமும் அடிக்கடி பிசகும். ஒருத்தி காவிரிப் பட்டையை மட்டும் மூன்று கட்டம் அகலமாகப் போட்டிருந்தாள். கேட்டால் "அகண்ட காவிரி டீச்சர்" என்றாள். திருச்சிக்கு மேற்கே காவிரியை அப்படித்தான் சொல்கிறோம், அவள் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆனால் நாம் நீளத்தைத்தான் கேட்டோம், அகலத்தைக் கேட்கவில்லை. எதைக் கேட்டோமோ அதுமட்டும் மாற வேண்டும், மற்றதெல்லாம் ஒரேபோல இருக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். இன்னொருவன் பட்டைகளின் உச்சிகளைக் கோட்டால் இணைத்தான். வைகைக்கும் பாலாற்றுக்கும் நடுவே இந்தக் கோட்டின் பாதியில் எந்த ஆறு இருக்கிறது என்று கேட்டதும் அழித்துவிட்டான். பட்டை பிறந்த கதையும் அதுதான். 1786இல் வெளியிட்ட நூலில் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர், இங்கிலாந்து பிற நாடுகளோடு செய்த வணிகத்தைப் பல ஆண்டுக் கோடுகளாக வரைந்துவிட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஓர் ஆண்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குத்தான் கையில் இருந்தது. கோடு இழுக்க வழியில்லாமல், ஸ்காட்லாந்து வணிகம் செய்த பதினேழு இடங்களுக்கும் தனித்தனிப் பட்டை போட்டார். தனித்தனியாக நிற்பவற்றுக்குத்தான் பட்டை.

இனி ஆறுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அளவுத்திட்டம் இங்கேதான் படிகிறது. எங்கள் நோட்டில் ஒரு பக்கத்துக்கு நீளவாக்கில் இருபத்துமூன்று கட்டங்கள். "ஒரு கட்டம் = எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆசிரியருக்கு இது மிகக் கடினமான ஐந்து நிமிடம். பத்து என்று ஆரம்பித்தவர்களுக்கு வைகை வரும்போதே பக்கம் தீர்ந்துவிடும். படிக்கட்டு வரைந்த அதே பையன், திருத்தி வரையச் சொன்னபோது பத்தையே பிடித்துக்கொண்டு, சத்துணவுக்கூடத்தில் சோறு வாங்கிவந்து பசையாக்கி நான்கு தாள்களை ஒட்டி, காவிரிக்கு எண்பது கட்டமும் அதற்கு மேல் பாதியும் வரைந்தான். நான் தடுக்கவில்லை. சுவரில் அதை மாட்டியபோது தாமிரபரணி அவன் இடுப்பளவு உயரத்தில் முடிந்தது, காவிரி அவன் தலைக்கு மேலே போய்விட்டது. அளவுத்திட்டம் எதற்கு என்று அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்கள் 50க்கும் 100க்கும் பிரிந்தார்கள். 50 என்றால் காவிரி பதினாறு கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பாலாறு ஏழுக்கு மயிரிழை குறைவு, வைகை ஐந்தைச் சற்றே தாண்டும், தாமிரபரணி இரண்டரைக்கு ஒட்டி. 100 என்றால் படம் குட்டையாகிறது, தாமிரபரணி ஒன்றேகால் கட்டம் என்று கண்ணால் மதிப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டும் சரி. ஒருவர் வரைந்ததை மற்றவர் வாங்கி, மேலே எழுதிய நான்கு எண்களையும் அழித்த கரும்பலகைக்கு முன்னால் நின்று வைகையின் நீளத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். 50 வைத்தவர் நோட்டிலிருந்து "260 இருக்கும்", 100 வைத்தவர் நோட்டிலிருந்து "250க்கும் 300க்கும் நடுவில்". எந்த அளவுத்திட்டம் எவ்வளவு துல்லியத்தைத் தருகிறது என்ற பேச்சு தானாகவே எழுகிறது. வரைவதும் வாசிப்பதும் இங்கே இரண்டு பாடங்களாக இல்லை. உன் வரைபடத்தை இன்னொருவர் வாசிக்கப்போகிறார் என்றால் வரையும் கை தானே நிதானமாகிறது.

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக இருப்பவர்களுக்கு ஒரு வழி: நான்காம் வகுப்புக்கு ஒரு கட்டம் இரண்டு அல்லது ஐந்து என்று வரும் எண்ணிக்கைகளைக் கொடுங்கள், பள்ளியின் எல்லா வகுப்புகளின் வருகைக் கணக்குப் போல. ஆறுகளை ஐந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில்

எண்களை அட்டவணையில் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வண்ண வண்ணமாக வரைபடம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. ஆனால் என் உரைகல்லில் உரசினால், கேள்வியையும் வகையையும் தவிர மற்ற எல்லா முடிவுகளையும் மென்பொருளே எடுத்துக்கொண்டிருக்கிறது. அளவுத்திட்டம், அகலம், இடைவெளி, சுழியம் எல்லாம் அதன் வசம்.

சுழியத்தில்தான் எனக்குக் கவலை. தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமுடி 2695 மீட்டர். வித்தியாசம் 58 மீட்டர், அந்த உயரத்தில் அது ஒன்றுமே இல்லை. இப்படி நெருக்கமான பெரிய எண்களைக் கொடுத்தால் அட்டவணை மென்பொருள் சில வேளை அச்சைச் சுழியத்தில் தொடங்காமல் 2600 போன்ற ஓர் எண்ணில் தொடங்கிவிடும். அப்போது தொட்டபெட்டாவின் பட்டை 37 அலகு, ஆனைமுடியின் பட்டை 95 அலகு. ஊட்டியின் பெருமையான சிகரம் மூணாறுச் சிகரத்துக்குப் பக்கத்தில் மண்மேடு போல நிற்கும். கண் நீளத்தை நம்பும் என்று கிச்சடி வரிசையில் பார்த்தோமே, அதே கண்தான் இங்கேயும். நோட்டில் சுழியத்தோடு மல்லுக்கட்டாத பிள்ளை இந்தத் திரையைப் பார்த்து "ஆனைமுடி இரண்டு மடங்குக்கு மேல் பெரியது" என்று எழுதும். மல்லுக்கட்டிய பிள்ளை "அச்சு எங்கே தொடங்குகிறது?" என்று முதலில் பார்க்கும். அதனால் திரை வேண்டும், ஆனால் கடைசியில்.

அதற்குரிய நன்மைகளை மறைக்கக் கூடாது. ஓர் எண்ணை மாற்றினால் பட்டை கண்முன்னே ஏறி இறங்குவதை வேறு எதிலும் காட்ட முடியாது. பென்சில் பிடிப்பதில் கை நடுங்கும் பிள்ளை ஒன்று என் வகுப்பில் இருந்தது; நேர்கோடு இழுப்பதில் அதன் சிந்தனை முழுதும் தீர்ந்துபோகும். அந்தப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே மடிக்கணினியைக் கொடுத்தேன், அளவுத்திட்டத்தை வாயால் சொல்லவைத்தேன். அத்தகைய பிள்ளைக்கு இது முதல் வழி, கடைசி வழி அல்ல. மற்றபடி ஒரே ஒரு மடிக்கணினியில் முப்பத்தொரு பேருக்குத் தலா மூன்று நிமிடம் கொடுத்தாலும் தொண்ணூற்றுமூன்று நிமிடம், இரண்டு பாடவேளைக்கு மேல். அத்தனை நேரத்தை நோட்டிலிருந்து பிடுங்கிக்கொடுக்க எனக்கு மனமில்லை. பெரிய திரை உள்ள வகுப்பறையில் ஆசிரியரே இயக்கி, பிள்ளைகள் தங்கள் நோட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்லும்படி அரைப் பாடவேளை நடத்துவது போதுமானது.

தாளுக்குத் திரும்பும்போது

வரைந்து பழகிய பிறகு அச்சடித்த வரைபடம் கையில் வந்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது. இங்கே கேள்விகளின் தரம்தான் எல்லாம். அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் ஃபிரான்சிஸ் கர்சியோ 1987இல் வரைபட வாசிப்பை மூன்று தளங்களாகப் பிரித்தார்: தரவை வாசிப்பது, தரவுகளுக்கு இடையே வாசிப்பது, தரவுக்கு அப்பால் வாசிப்பது. எங்கள் உணவு வரைபடத்தில் "கிச்சடி எத்தனை பேர்?" என்பது முதல் தளம். "பொங்கலைவிடக் கிச்சடி எத்தனை குறைவு?" இரண்டாம் தளம், எது அதிகம் என்று தெரிந்த பிள்ளைகூட எவ்வளவு அதிகம் என்பதில் தடுமாறும், கழித்தல் தெரியாததால் அல்ல, இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று தோன்றாததால். தரைக்கு அழைத்துப்போய் அந்த வெற்றிடத்தில் பெட்டி வைக்கச் சொன்னால் தெளிந்துவிடும். "நாளை புதிதாக ஒரு பெண் வகுப்பில் சேர்ந்தால் அவளுக்கு எது பிடிக்கும்? உறுதியாகச் சொல்ல முடியுமா? சமையல் அக்கா இந்தப் படத்தைப் பார்த்து என்ன முடிவெடுக்கலாம், என்ன முடிவெடுக்கக் கூடாது?" இவை மூன்றாம் தளம். பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் முதல் தளத்திலேயே நின்றுவிடுகின்றன. தாளை மாற்ற வேண்டாம், அடியில் இரண்டு கேள்விகளை நாமே கையால் எழுதிச் சேர்த்தால் போதும்.

தலைப்பை மறைத்துவிட்டு வரைபடத்தைக் கொடுப்பதும் எனக்குப் பிடித்த வேலை. ஐந்து பட்டைகள், அடியில் திங்கள் முதல் வெள்ளி வரை, வெள்ளியில் மட்டும் தணிந்த பட்டை. இது எதைப் பற்றியதாக இருக்கலாம்? வருகை என்றான் ஒருவன், டீக்கடை விற்பனை என்றாள் ஒருத்தி. சந்தை வெள்ளிக்கிழமை கூடும் ஊர் எங்களுடையது, அதனால் அன்று பிள்ளைகள் குறைவு என்று, வருகை என்றவன் காரணமும் சொன்னான். கிழமைகளை உயரவாரியாக மாற்றி அடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். உணவுப் பெயர்களை அடுக்கலாம், கிழமையை அடுக்கினால் வாரம் கலைந்துவிடும் என்று அவர்களே சொல்வார்கள்.

ஆக என் எட்டுப் பாடவேளைகள் இப்படிப் போகின்றன: தரையும் தீப்பெட்டியும் இரண்டு, பட விளக்கப்படத்துக்கும் குறிகளுக்கும் சேர்த்து ஒன்று, நோட்டு நான்கு, தாளும் திரையும் சேர்ந்து கடைசி ஒன்று. ஆறு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் படத்தையும் திரையையும் விட்டுவிடுவேன், கர்சியோவின் மூன்றாம் தளக் கேள்விகளைப் பிள்ளைகளின் நோட்டு வரைபடங்களிலேயே கேட்டுவிடுவேன். நான்குதான் என்றாலும் தரைக்கு ஒன்று கண்டிப்பாக உண்டு. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. ஒரு வாரம் வீட்டில் யார் யார் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார்கள் என்று பிள்ளையையே குறித்துவைக்கச் சொல்லுங்கள், கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஒரு கட்டம் எத்தனை டம்ளர் என்று நீங்கள் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வகுப்பில் நடத்தப்போகிறவர்கள் தீப்பெட்டிகளை இப்போதே சேர்க்கத் தொடங்க வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு நாற்பது பெட்டிகளாவது தேவை, சில நசுங்கி வரும். தீப்பெட்டி காலியாக நாளாகும், ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்தால்தான் சேரும். குச்சி ஒன்றுகூட உள்ளே இல்லை என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து வாங்குங்கள்.